காற்றடைக்கும் பெடல் கயாக்: சின்ன ஏரிக்கு ஃபின்னா, புரொப்பெல்லரா?

பதினோராம்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். கராஜ் கிடையாது. நிலக்கீழ் அறையில் ஒரு லொக்கர் உண்டு, அதில் மனைவியின் பொங்கல் பானையும் பிள்ளைகளின் பனிச்சறுக்குச் சாமான்களும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. கார் பழைய கொரோலா. ஆகவே 12 அடி பிளாஸ்டிக் கயாக் படகு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்று வருடம் கரையில் நின்று மீன் பிடித்தேன். போன கோடையில் துடுப்புப் போடும் காற்றுப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஸ்கூகாக் ஏரியில் அதோடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு தரம் எறிந்து சுருட்டி முடிப்பதற்குள் காற்று முப்பது அடி தள்ளிவிடும். தூண்டிலை வைத்துவிட்டுத் துடுப்பை எடு, துடுப்பை வைத்துவிட்டுத் தூண்டிலை எடு. ஓகஸ்டில் ஒரு நாள் அந்த மாற்று வேலையில் தூண்டில் தடியே தண்ணீருக்குள் போய்விட்டது. 140 டொலர்.

காலால் மிதித்துப் போகும் காற்றுக் கயாக்குகள் இருப்பதை இந்தக் குளிர்காலத்தில்தான் அறிந்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடுகிறது. சிலதில் மீன் துடுப்பு மாதிரி ஃபின் அடிக்கிறது, சிலதில் புரொப்பெல்லர் சுற்றுகிறது. என் விபரம்: வயது 46, எடை 96 கிலோ, இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. கையில் 2,000 டொலர். போகிற இடங்கள் ஸ்கூகாக், ஒரேஞ்ச்வில்லில் ஐலண்ட் லேக், எப்போதாவது ரைஸ் லேக். பிடிக்கும் மீன் பெரும்பாலும் பாஸ், கிராப்பி, வந்தால் பைக்.

எதை வாங்கலாம்? தூண்டில் முள் குத்தினால் நடு ஏரியில் காற்றுப் போய்விடாதா என்று மனைவி கேட்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, வெளியே காட்டவில்லை. பேசாமல் ஒரு சின்ன மின்மோட்டரைப் பூட்டிவிடலாமா?

---

சாதாளை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் வேகம் என்ற சொல்லே வரவில்லை, நல்லது. பலர் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சின்ன ஏரியில் அவ்வளவு அவசரமாக எங்கே போகிறது? ஓரிடத்தில் நிற்பதற்குத்தான் பெடல் வேண்டும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு நேரே திருப்பிவிட்டு மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தால் நின்ற இடத்தில் நிற்கலாம், இரண்டு கையும் தூண்டிலுக்கு. நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். சின்ன வயதில் மாமாவின் வள்ளத்தில் பரவைக்கடலுக்குப் போவேன். பின்னால் ஒருவர் கோலால் தாங்கிக்கொண்டு நிற்பார், முன்னால் மாமா வலையைப் பார்ப்பார். அந்த இரண்டு பேர் வேலையையும் இப்போது பீற்றர்பரோவில் தனியாளாகச் செய்கிறேன். செமோங், பக்ஹோர்ன் ஏரிகளில் காற்றுக் கயாக்கோடு ஐந்து சீசன் முடிந்துவிட்டது. என்னுடையது ஃபின்.

ஏன் ஃபின் என்றால் என் பெயரைப் பாருங்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் சாதாளைக் காடு, அதாவது நீர்ப்பாசிக் காடு. ஸ்கூகாக் அதில் ராசா. 1830களில் லிண்ட்சேயில் மாவு ஆலைக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் ஏறித் தாழ்ந்த நிலத்தையெல்லாம் மூடியது. அந்த ஏரியின் பெரும்பகுதியில் இன்றும் ஆளுயரத் தண்ணீர்கூடக் கிடையாது. வெயில் அடிவரை போகும், யூலையில் மில்ஃபாயில் பாசி மேல்மட்டம் வரை வந்து படுத்துக்கிடக்கும். பாஸ் மீன் அதற்குள்தான் இருக்கும், நாங்களும் அதற்குள்தான் போக வேண்டும். சுற்றுகிற புரொப்பெல்லருக்கு அந்தப் பாசி நூலைப் போல. ராட்டையில் சுற்றுகிற மாதிரிச் சுற்றி இறுக்கிவிடும்.

ஃபின் சுற்றாது. ஹோபி நிறுவனம் மிராஜ் டிரைவ் என்ற பெடல் பொறியாக 1997இல் கொண்டுவந்தது அது. பென்குயின் சிறகடிப்பது மாதிரி இரண்டு ஃபின்கள் கீழே இடமும் வலமுமாக வீசும். சைக்கிள் போல வட்டமாக மிதிக்கத் தேவையில்லை, படியேறுவது போல ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தள்ளுவதுதான். முழங்கால் அதிகம் மடியாது. ஒரு காலை முழுதாக முன்னே நீட்டிவிட்டால் இரண்டு ஃபின்னும் கயாக்கின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், அடி தட்டாமல் மேலால் வழுக்கிக்கொண்டு போய்விடலாம். பாசி மாட்டாது என்று சொல்லமாட்டேன். மாட்டும், இரண்டு தரம் உதறினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஆழம் தெரியாமல் கல்லில் அடித்தால் ஃபின்னின் கம்பி வளையும். நான் ஒன்றை வளைத்திருக்கிறேன். பிறகு வந்தவற்றில் தட்டுப்பட்டால் பின்னால் மடிகிற ஃபின் உண்டு, முடிந்தால் அதைத் தேடுங்கள். ரிவர்ஸ் எல்லா ஃபின் டிரைவிலும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

இனி உடம்பு, அதாவது கயாக்கின் உடம்பு. டிராப் ஸ்டிட்ச் அடிப்பாகம் இல்லாத எதையும் பெடலுக்கென்று வாங்காதீர்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் 10 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடித்தாலும் பந்து போல ஊதாமல் பலகை மாதிரித் தட்டையாக இறுகும். உங்கள் பழைய படகு போன்ற வெறும் குழாயில் பெடலைப் பூட்டினால் மிதிக்கும் பலத்தில் பாதி அடிப்பாகம் வளைவதற்கே போய்விடும்.

காற்றடிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். காலையில் 15 பாகைக் குளிரில் 10 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மத்தியான வெயிலில் கரையில் இழுத்துப் போட்டால், உள்ளே காற்று 50 பாகைக்குச் சூடேறும்போது அளவி 13 காட்டும். கறுப்பு நிறம் என்றால் இன்னும் மோசம். தையல் வெடிப்பது பெரும்பாலும் தண்ணீரில் அல்ல, சாப்பிடப் போன நேரத்தில் கரையில்தான். மாறாக, சூடான வாகனத் தரிப்பிடத்தில் 10 அடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் 8க்கு வந்துவிடும். பலர் "ஓட்டை விழுந்துவிட்டது" என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். நான் கொஞ்சம் குறைவாக அடித்து, தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தை அடிப்பேன்.

தூண்டில் முள்: வீட்டில் சொல்லுங்கள், ஐந்து வருடத்தில் ஒரு தரமும் குத்தி ஓட்டையாகவில்லை. அந்தப் பிவிசி தடித்தது, முள் வழுக்கிவிடும். எனக்கு இரண்டு தரம் காற்றுப் போனது. ஒன்று வால்வுக்குள் மணல். மற்றது ஸீப்ரா சிப்பி ஒட்டிய பாறை மேல் சோம்பல்பட்டு இழுத்தது. பிளேடு மாதிரிக் கீறிவிட்டது. தவிர, தனித்தனி அறைகள் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது மிதக்கும். அறைகள் எத்தனை என்று வாங்கும்போது எண்ணிப் பாருங்கள்.

காற்றுக் கயாக் தண்ணீருக்கு மேலே இலை மாதிரி உட்காரும். அதுதான் இதன் பெரிய குறை, விற்பவர் சொல்லமாட்டார். பக்கக் காற்றில் அணியம் விலகிக்கொண்டே இருக்கும். சுக்கான் நல்லதாக இருக்க வேண்டும். 9 அடி என்றால் லிப்டுக்கு நல்லது, ஆனால் உங்கள் எடைக்கு அது தலையை ஆட்டிக்கொண்டு போகும். 11, 12 அடி பாருங்கள். கயாக்கில் எழுதியிருக்கும் எடை தாங்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். இருக்கை சட்டம் வைத்த கதிரையாக இருக்கட்டும். காற்று ஊதிய மெத்தை இருக்கையில் பின்னால் சாய்ந்துகொண்டு மிதித்தால் உங்கள் டிஸ்க் அன்றிரவே கதை சொல்லும்.

மோட்டர் வேண்டாம். மின்மோட்டர் என்றாலும் கனடாவில் படகோட்டும் அட்டை எடுக்க வேண்டும், பெடலுக்கு அது தேவையில்லை. ஐலண்ட் லேக்கில் மின்மோட்டரை விடுவார்கள், அது சரி. ஆனால் பற்றரியை லிப்டில் யார் தூக்குவது?

அப்புறம், ஸ்கூகாக்கில் வால்ஐ (walleye) மீன் பிடிப்பதை 2016இலிருந்து தடைசெய்திருக்கிறார்கள். தவறி வந்தால் விட்டுவிடுங்கள்.

---

கோவை_மினசோட்டா எழுதியது:

அண்ணா சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்குச் சண்டை போட வந்திருக்கிறேன்.

நான் புரொப்பெல்லர் கட்சி. இங்கே நான் போகிற ஏரிகளில் பாசியை விடப் படகுத்துறைகள் அதிகம். மரத்துறைக்கு அடியில் நிழலில் பாஸ் இருக்கும். துறையிலிருந்து பத்தடி தள்ளி நின்று உள்ளே எறிவேன். மீன் கவ்வியதும் அது செய்கிற முதல் வேலை தூணைச் சுற்றுவதுதான். அந்த நொடியில் காலைப் பின்பக்கம் மிதித்தால் கயாக் பின்னால் போகும், மீனும் கூடவே வெளியே வந்துவிடும். புரொப்பெல்லரில் ரிவர்ஸுக்கு எதையும் இழுக்க வேண்டாம், திருப்ப வேண்டாம். இது ஒன்றுக்காகவே நான் மாற மாட்டேன். பைக் மீன் இருக்கிறதே, கயாக்கையே இழுத்துக்கொண்டு போய் நாணலுக்குள் விட்டுவிடும். அங்கேயும் ரிவர்ஸ்தான் காப்பாற்றுகிறது.

காற்றுக் கயாக்கில் இந்த வகை வேண்டுமென்றால் போட் நிறுவனத்தின் லோனோ ஏரோ இருக்கிறது, 12 அடி 6 அங்குலம். அதற்கு ஏபெக்ஸ் என்ற புரொப்பெல்லர் டிரைவ். ஆனால் விலையைப் பார்க்கும்போது கயாக் மட்டுமா, டிரைவும் சேர்த்தா என்று கவனமாகப் படியுங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது "அட, பரவாயில்லையே" என்று நினைத்துவிட்டுப் பிறகுதான் பெடல் படத்தில் மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை கடைசியில் அல்லிக் கொடி மூடிய குடாவுக்குள் போனால் நான் டிரைவைத் தூக்கி வைத்துவிட்டுத் துடுப்புதான் போடுகிறேன். ஒரு தடவை தூக்காமல் போய், தண்டில் சுற்றியதைக் கத்தியால் வெட்டியெடுக்க இருபது நிமிடம் ஆனது. காற்றுக் கயாக் மேல் உட்கார்ந்துகொண்டு கத்தியால் வெட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆக ஸ்கூகாக் அண்ணா சொல்கிற மாதிரிதான் என்றால், எனக்கு வருத்தம்தான், ஆனால் ஃபின் எடுங்கள்.

முழங்கால் பற்றி அண்ணா சொன்னது சரி. வட்டமாக மிதிக்கும்போது கால் மேலே வருகிறது. உயரமானவர் என்றால் இடுப்பும் மடங்கும். வாங்குவதற்கு முன்னால் எப்படியாவது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

இங்கே மினசோட்டாவில் 10 அடிக்கு மேல் இருந்தால் மோட்டார் இல்லாத கயாக்குக்கும் பதிவு எண் வாங்க வேண்டும். நான் 12 அடி வாங்கிவிட்டு, ஒரு அதிகாரி வந்து அன்பாகக் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

---

பதினோராம்_மாடி எழுதியது:

அண்ணை, கோவை நண்பரே, இருவருக்கும் நன்றி. ஃபின் என்று முடிவாகிவிட்டது. ஆனால் புதிய ஹோபி என் 2,000 டொலருக்குள் வராது, பார்த்துவிட்டேன். ஏஜாக்ஸில் ஒருவர் மூன்று சீசன் பாவித்த 11 அடி ஒன்றை விற்கிறார். பழைய காற்றுக் கயாக்கை நம்பலாமா? பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

---

சாதாளை எழுதியது:

நம்பலாம், ஆனால் காற்றில்லாமல் மடித்து வைத்ததைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். முதல் நாளே முழுதாக ஊதி வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் அடுத்த நாள் போங்கள். இறுக்கமாக நின்றால் பாதி வேலை முடிந்தது. முகர்ந்து பாருங்கள், பூஞ்சண வாடை அடித்தால் ஈரத்தோடு மடித்து வைத்த ஆள். அப்படிப்பட்டவர் வேறு எதையும் ஒழுங்காகச் செய்திருக்கமாட்டார்.

ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுபோய் எல்லா வால்வைச் சுற்றியும், தையல் ஓரத்திலும் விசிறுங்கள். குமிழி வந்தால் வால்வு என்றால் பரவாயில்லை, அதற்கான திறப்பால் இறுக்கலாம், மாற்றவும் செய்யலாம். டிரைவ் இறங்கும் துளையைச் சுற்றிய ஒட்டில் குமிழி வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மிதிக்கும் பலம் முழுக்க அந்த இடத்தில்தான் போய் விழுகிறது, அதை வீட்டில் ஒட்டி நிலைக்காது.

டிரைவைக் கையில் எடுத்து இரண்டு பெடலையும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சங்கிலியும் கம்பியும் இருக்கும், தளர்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். அதை இறுக்க முடியும், அதற்காக விலை குறையுங்கள். ஃபின் கம்பி நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், தச்சன் பலகை பார்ப்பது மாதிரி.

ஒன்று மறந்துவிட்டேன். 2022 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவில் படகை ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டு போக முன் தண்ணீரை வடித்து, பாசியை எல்லாம் எடுத்துவிட வேண்டும். கயாக்குக்கும் சட்டம் பொருந்தும். காற்றுக் கயாக்கில் பாசி ஒளிந்திருப்பது இருக்கைக்குக் கீழேயும் அந்தத் துளைக்குள்ளும்தான்.

---

கிராப்பி_அக்கா எழுதியது:

தம்பிமாரே, இவ்வளவு பேசினீர்கள், உயிர்காப்பு அங்கியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கனடாவில் அங்கி படகில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும். உங்களுக்குப் போதாது, போட்டுக்கொண்டே மிதியுங்கள். கூடவே ஒரு விசிலும், 15 மீட்டர் மிதக்கும் கயிறும் வைத்திருங்கள். மே மாதம் வெயில் 22 பாகை என்று ரீசேர்ட்டோடு போவார்கள், தண்ணீர் அன்றைக்கு 9 பாகையாக இருக்கும். அதற்குள் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சே பிடிபடாது. நீந்தத் தெரியும் என்ற கதை அங்கே எடுபடாது. காற்றுக் கயாக்கில் இன்னொரு விடயம், நீங்கள் விழுந்ததும் அது காற்றோடு போய்விடும், உங்களால் துரத்த முடியாது. ஜூனில் வெதுவெதுப்பான தண்ணீரில், கரைக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே இரண்டு தரம் விழுந்து ஏறிப் பழகுங்கள்.

நான் கிச்சனரில் இருக்கிறேன், என்னிடம் கயாக்கே இல்லை. பெல்லி போட் என்று, நடுவில் உட்கார்ந்து காலில் வாத்துப் பாதம் மாட்டிக்கொண்டு மிதக்கிற சாமான். காற்றடிக்கும் நாளில் போகமாட்டேன், தூரமும் போகமாட்டேன். கிராப்பிக்கு அது போதும். லொக்கரில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கும்.

---

பதினோராம்_மாடி எழுதியது:

வாங்கிவிட்டேன். ஏஜாக்ஸ்காரர் ஊதியே வைத்திருந்தார், இறுக்கமாக நின்றது, பூஞ்சண வாடை இல்லை. ஒரு பக்க வால்வில் சின்னக் குமிழி. அதைக் காட்டி 150 டொலர் குறைத்தேன். துடுப்பும் அங்கியும் சேர்த்து 1,650.

முதலில் இருக்கையறையில் ஊதி ஓரிரவு விட்டேன். பிள்ளைகள் அதிலேயே படுத்துவிட்டார்கள். காலையில் அளவி பத்திலிருந்து ஒன்பதரைக்கு வந்திருந்தது. பதறிவிட்டு, பிறகுதான் இரவெல்லாம் ஏசி ஓடியது ஞாபகம் வந்தது. அண்ணையின் கணக்கு.

சனிக்கிழமை ஐலண்ட் லேக். லிப்டில் கட்டட மேலாளர் பையைப் பார்த்துவிட்டு யாராவது வீடு மாறுகிறார்களா என்று கேட்டார். சக்கர வண்டி இல்லாமல் இதை நினைத்தே பார்க்க முடியாது, பையும் டிரைவும் சேர்த்து எடை என் இளைய மகளுக்குப் பக்கத்தில் வரும். கரையில் ஊத இருபத்தைந்து நிமிடம். தண்ணீரில் தள்ளி, ஏறி உட்கார்ந்து, பெருமையாக மிதித்தேன். கயாக் பின்னால் போய்க் கரையில் முட்டியது. மறுபடி மிதித்தேன், மறுபடி முட்டியது. டிரைவைத் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். துறையில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். கோவை நண்பரே, என்னிடமும் ரிவர்ஸ் இருக்கிறது.

சரியாகப் பூட்டியபின் கதை வேறு. காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. அணியத்தை அதற்கு நேரே வைத்து மிதித்துக்கொண்டு, ஒரே இடத்தில் நாற்பது தரம் எறிந்திருப்பேன். பக்கத்தில் திரும்பினால் அண்ணை சொன்ன இலைக் கதைதான், சுக்கானை ஒரு கை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாஸ், இரண்டு பைக். பைக் ஒன்று கால்மாட்டில் துள்ளி, மூன்று முள் கொண்ட ட்ரெபிள் ஹூக் நேரே பக்கக் குழாயில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வெறும் கீறல். இடுப்பு வலிக்கவில்லை, தொடைதான் இன்றைக்கும் படியிறங்க விடுகிறதில்லை.

அக்கா, இரண்டு தரம் விழுந்தேன். முதல் தரம் வேண்டுமென்று இல்லை.

இப்போது பல்கனியில் காய்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: ஏஜாக்ஸ்காரர் இதை இந்தப் பைக்குள் எப்படி அடக்கி வைத்திருந்தார்? மூன்று தரம் மடித்துப் பார்த்துவிட்டேன், சிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.